கூண்டு ஏறிய கதை
(கடலும் காற்றும் – 9)

ஐப்பசி பிறந்தால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒரு செய்தி தவறாமல் வரும். நாகை, காரைக்கால், கடலூர் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்பார்கள். கேட்டதும் நாம் குடையைத் தேடுவோம். நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்போம். அந்தக் கூண்டு நம்மிடம் பேசவே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கடலில் எங்கோ தொலைவில் புயலாகக்கூடிய ஒரு காற்றுச் சுழற்சி இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போது ஆபத்தில்லை, வெளியே கிளம்புகிற கப்பல் யோசித்துக் கிளம்பட்டும். ஒன்றாம் எண்ணின் பொருள் இவ்வளவுதான். கப்பல் தலைவனுக்கு எழுதிய கடிதத்தை ஊரே பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கடிதப் போக்குவரத்து எப்படித் தொடங்கியது என்பதுதான் இந்த இதழின் கதை.

சென்ற முறை பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்தவர்களைப் பார்த்தோம். பருவக்காற்று ஓரளவு நாள் தவறாதது. புயல் அப்படியில்லை. ஆனால் கம்பெனிக் காலத்துச் சென்னையில் புயலையும் நாள்காட்டியை வைத்தே சமாளிக்கப் பார்த்தார்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வரும். அக்டோபர் 15 வந்ததும் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். வடகிழக்குப் பருவம் வந்துவிட்டது, எல்லோரும் நங்கூரத்தை எடுங்கள் என்று அதற்குப் பொருள். டிசம்பர் 15-க்குப் பிறகே கொடி மறுபடி ஏறும். இடைப்பட்ட இரண்டு மாதம் அங்கே நிற்கிற கப்பலுக்குக் காப்பீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்.

முறை எளிமையானது. அதை எத்தனை தூரம் நம்பலாம் என்பதைக் கரையின் பழைய கணக்கில் பார்க்கலாம். 1746-ல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் அடித்து நொறுக்கியது அக்டோபர் 13-ஆம் தேதி இரவு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொடி இறங்கும் தேதிக்கு இரண்டு நாள் முந்தி! ஆங்கிலேயர் அப்போது வைத்திருந்த பழைய நாள்காட்டிப்படி பார்த்தால் அன்று அக்டோபர் 2-தான். 1749-ல் ஆங்கிலத் தளபதி பொஸ்காவனின் தலைமைக் கப்பலான நேமூர், கடலூருக்கு அருகே, செயின்ட் டேவிட் கோட்டைப் பக்கம் மூழ்கியது ஏப்ரலில், கோடையில். 1761-ல் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல் படையைப் புயல் சிதறடித்தது ஜனவரி 1-ஆம் தேதி. சில கப்பல்கள் ஆளோடு அமிழ்ந்தன, சில கரையில் ஏறி உடைந்தன. (அப்படியும் முற்றுகை விலகவில்லை, அந்த மாதத்தின் நடுவில் ஊர் சரணடைந்துவிட்டது.) மூன்றுமே பெரிய அழிவுகள், மூன்றுமே கொடி இறங்கியிருக்கும் இரண்டு மாதத்துக்கு வெளியே நடந்தவை. பருவத்தின் தேதி வேறு, புயலின் தேதி வேறு என்று இதைவிடத் தெளிவாகக் கடல் எப்படிச் சொல்லும்?

தேதி உதவாது என்றால் வேறு எதைப் பார்ப்பது? காற்றையே பார்க்க வேண்டும். அதற்கு முதலில் புயல் எப்படிப்பட்ட உருவம் என்று தெரிய வேண்டும். புயல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் மேகம், மழை என்றுதான் பொருள். சூறை, சுழல்காற்று என்ற சொற்களில் சுற்றுகிற காற்று இருக்கிறது. ஆனால் தெருப் புழுதியைச் சுருட்டுகிற காற்றும் முந்நூறு மைல் அகலத்துக்குக் கடலைக் கலக்குகிற காற்றும் ஒரே மாதிரிச் சுற்றுகின்றன என்று கரையில் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை. அவருக்குத் தெரிவது ஒரு திசைக் காற்று, கொஞ்ச நேரம் அமைதி, பிறகு எதிர்த் திசைக் காற்று. இரண்டு புயல் அடுத்தடுத்து வந்ததாகவே நினைப்பார்.

முடிச்சை அவிழ்த்த முதல் ஆட்களில் ஒருவர் சேணம் தைக்கக் கற்றவர். அமெரிக்காவில் 1821 செப்டம்பரில் ஒரு புயல் கரையேறிப் போனபின் வில்லியம் ரெட்ஃபீல்டு அந்த வழியாகப் பயணம் போனார். ஓரிடத்தில் மரங்களெல்லாம் வடமேற்கே தலை வைத்து விழுந்திருந்தன. இன்னும் சில மைல் போனால் தென்கிழக்கே தலை வைத்து. ஒரே புயல் இரண்டு பக்கமும் தள்ள வேண்டும் என்றால் அது சுற்றியாக வேண்டும். பத்து ஆண்டு யோசித்து 1831-ல் எழுதினார். அதே 1831-ல் பார்படோஸ் தீவைப் புயல் தரைமட்டமாக்க, கட்டடங்களைத் திரும்பக் கட்டப் போன ராணுவப் பொறியாளர் வில்லியம் ரீட், கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி அந்தக் கருத்தைச் சோதித்தார். அவருடைய புத்தகம் 1838-ல் வந்து கல்கத்தாவை எட்டியது. அங்கே அதற்கு ஒரு தீவிர வாசகர் காத்திருந்தார்.

ஹென்றி பிடிங்டன் 1797-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். வணிகக் கப்பல் ஓட்டி, வங்காளத்தில் கரை தங்கியவர். கல்கத்தாவில் கனிமப் பொருள்களின் அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்துக்கும் தலைவராக இருந்தார். இந்த இரண்டாவது வேலைதான் நம் கதைக்கு முக்கியம். புயலில் அடிபட்டு ஊக்ளி ஆற்றுக்குள் தள்ளாடி வருகிற கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைப் படிப்பது அவருடைய அன்றாடம். எத்தனை மணிக்கு எந்தத் திசைக் காற்று, பாரமானியில் பாதரசம் எவ்வளவு இறங்கியது, கப்பல் எந்த இடத்தில் இருந்தது என்று எல்லாமே அதில் இருக்கும்.

ஒரு புயலில் சிக்கிய பத்துக் கப்பல்களின் ஏடுகளை எடுத்துக்கொள்வார். ஒரே மணியில் ஒவ்வொன்றும் இருந்த இடத்தைக் கடல் வரைபடத்தில் புள்ளி வைப்பார். அந்தப் புள்ளியில் காற்றின் திசையை அம்பாகப் போடுவார். அம்புகள் ஒரு வட்டத்தைக் காட்டும். வட்டத்தின் நடுவே புயலின் கண். மறுநாளைக்கும் இதையே செய்தால் கண் எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். 1839-லிருந்து ஆசியக் கழகத்தின் இதழில் இப்படி ஒவ்வொரு புயலாக எடுத்து இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். 1841 மே மாதத்துச் சென்னைப் புயலும் அவற்றில் உண்டு. ஆந்திரக் கரையில் கொரிங்கா ஊரைக் கடல் ஏறி அழித்த 1789-ஆம் ஆண்டுக் கதையையும் தேடி எழுதினார். காற்றைவிடப் புயல் தள்ளிக்கொண்டு வருகிற நீர்தான் ஆளைக் கொல்லும் என்பது அவர் மனத்தில் ஆழப் பதிந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அவர் ஆராய்ந்த ஏடுகளிலே எனக்குப் பிடித்தது சார்லஸ் ஹெடில் என்ற சிறு கப்பலுடையது. 1845 பிப்ரவரியில் மொரீஷியஸ் பக்கம் புயலில் மாட்டியது. தலைவர் காற்றோடு ஓடித் தப்பிக்கலாம் என்று நினைத்தார். காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடு ஓடு என்று ஓடினார். காற்று திரும்பத் திரும்பக் கப்பலும் திரும்பியது. ஏறக்குறைய ஐந்து நாள் ஆயிரம் மைலுக்கு மேல் ஓடிய பிறகு பார்த்தால், கிளம்பிய இடத்திலிருந்து சில நூறு மைல்தான் தள்ளி வந்திருந்தார். செக்கு மாடு போலப் புயலின் கண்ணை ஐந்து முறை வலம் வந்திருக்கிறார்! பிடிங்டன் அந்த ஏட்டை வரைந்து பார்த்தபோது வரைபடத்தில் சுருள் சுருளாக விழுந்தது கோடு. புயல் சுற்றுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அவருக்குக் கிடைத்திருக்காது.

1848-ல் கப்பலோட்டிகளுக்காக ஒரு கையேடு போட்டார். ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் 'மாலுமியின் அரிச்சுவடி' என்று சொல்லிவிடலாம். முந்தைய காலத்து இங்கிலாந்தில் எழுத்து படிக்கும் பிள்ளைகளின் பலகையில் தாளின் மேல் கொம்பைச் சீவிய மெல்லிய தகடு பதித்திருக்கும். தலைப்பில் வருவது அந்தப் பலகையின் பெயர். பிடிங்டன் அந்தச் சிலேடையை உண்மையாகவே செய்தும் காட்டினார்: புத்தகத்தோடு காற்று வட்டம் வரைந்த கொம்புத் தகடு இரண்டு வரும், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. வரைபடத்தின் மேல் வைத்து, நம் கப்பலில் அடிக்கும் காற்றோடு தகட்டின் அம்பைப் பொருத்தினால் கண் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தகடு இல்லாதவருக்கும் வழி உண்டு. வடபாதிக் கடலில் காற்றுக்கு முகம் காட்டி நில், வலது கையை நீட்டு; புயலின் கண் அந்தப் பக்கம்.

அந்தப் புத்தகத்தில்தான் 'சைக்கிளோன்' என்ற சொல் நூலேறியது. சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். உலகம் முழுக்க இன்று புழங்குகிற அந்தச் சொல் கல்கத்தாவில் செய்தது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். காற்று சரியான வட்டத்தில் சுற்றுகிறது என்று பிடிங்டன் எடுத்துக்கொண்டார். உண்மையில் அது உள்நோக்கிச் சரிந்து சுற்றுகிறது. கண் வலது கைக்கும் சற்றுப் பின்னால் இருக்கும். மொரீஷியஸில் சார்லஸ் மெல்ட்ரம் போன்றவர்கள் இதைப் பின்னால் வற்புறுத்தினார்கள். அதுவரை வலது கையை அப்படியே நம்பிய தலைவர்கள் விலகுவதாக நினைத்துக் கண்ணுக்கு நெருக்கமாகவே போயிருப்பார்கள்.

பிடிங்டனின் கடைசிச் சண்டை கரையைப் பற்றியது. ஊக்ளி ஆறு தூர்ந்துகொண்டிருக்கிறது, சுந்தரவனத்தில் மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டலாம் என்று அரசு நினைத்தது. 1853-ல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். புயலின்போது கடல் சுவர் போல எழுந்து அந்த ஊருக்குள் வரும், வேண்டாம் என்றார். யார் கேட்டார்கள்? ஊர் கட்டி, கானிங் துறை என்று பெயரும் வைத்தார்கள். பிடிங்டன் 1858-ல் இறந்தார். 1867 நவம்பர் 1-ஆம் தேதி புயல் வந்தது, கடலும் வந்தது. துறைமுகம் கைவிடப்பட்டது. அமிதவ் கோஷின் ஆங்கில நாவல் ஒன்றில் இந்தக் கதை வருகிறது, படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அதற்குள் கல்கத்தாவே அடி வாங்கியிருந்தது. 1864 அக்டோபர் 5. புயல் ஊக்ளி முகத்துவாரத்தில் ஏறியது. கடல் ஆற்றோடு மேலேறி வந்தது. துறைமுகத்தில் நின்ற 195 கப்பல்களில் சேதமில்லாமல் தப்பியவை 23. ஆற்றின் இரு கரையிலும் செத்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஒரு மாதம் ஆவதற்குள் நவம்பர் முதல் நாள் மசூலிப்பட்டினத்தில் இன்னொரு புயல். அங்கே ஏறக்குறைய முப்பதாயிரம் பேர். இரண்டு புயலும் கடலில் நாள்கணக்காக நடந்து வந்தவைதான். கண்ட கப்பல்களும் இருந்திருக்கும். ஆனால் கடலில் கண்ட செய்தி கப்பலின் வேகத்தில்தான் கரைக்கு வரும். புயல் அதற்கு முன்னால் வந்துவிடும்.

தந்திக் கம்பிகள் அப்போது கரையோரமாக வந்துவிட்டிருந்தன. ஓரிடத்தில் பாதரசம் இறங்குவதை இன்னோரிடத்துக்கு நிமிடங்களில் சொல்லலாம். 1865-ல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல். 1864 கல்கத்தா புயலை ஆராய்ந்து கேஸ்ட்ரல் என்பவரோடு சேர்ந்து அறிக்கை எழுதிய ஹென்றி பிளான்ஃபோர்டு, 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தபோது அதன் முதல் தலைவரானார். துறை பிறந்ததற்குப் புயல் மட்டும் காரணமில்லை. மழை பொய்த்த பஞ்சங்களும் காரணம். அது வேறு கதை.

துறை பிறந்த மறு ஆண்டே அதற்குச் சோதனை வந்தது. 1876 அக்டோபர் 31 இரவு மேக்னா ஆற்றின் கழிமுகத்தில், பாக்கர்கஞ்ச் பகுதியில் கடல் ஏறியது. தூக்கத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மூழ்கினார்கள். அடுத்து வந்த காலராவிலும் பசியிலும் ஏறக்குறைய அதே அளவு பேர் போனார்கள். புயல் எச்சரிக்கை என்று நாட்டில் ஒன்று தொடங்கிப் பதினோரு ஆண்டு ஆகியிருந்தது. ஆனால் அது துறைமுகங்களுக்கான ஏற்பாடு. மேக்னா தீவுகளில் நெல் விதைத்தவனுக்குக் கொடிமரமும் கிடையாது, கூண்டும் கிடையாது. அந்தப் புயலை ஆராய்ந்து எழுதிய ஜான் எலியட் பின்னால் பிளான்ஃபோர்டின் இடத்துக்கு வந்தார். வங்கக் கடல் புயல்கள் பற்றி 1890-ல் ஒரு கையேடும் வெளியிட்டார். யாருக்காக? தலைப்பிலேயே இருக்கிறது: மாலுமிகளின் பயனுக்காக.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அல்லது பாதிதான் குற்றமாகச் சொல்கிறேன். புயலைப் பற்றிய அறிவு கப்பல் ஏடுகளிலிருந்து வந்தது. அது கப்பலுக்கே முதலில் திரும்பிப் போனதில் வியப்பில்லை. கப்பலில் சரக்கு இருந்தது, சரக்குக்குக் காப்பீடு இருந்தது, காப்பீட்டுக்குப் பின்னால் லண்டன் இருந்தது. கட்டுமரத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

சென்னையும் தன் பங்குக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது. 1876-ல் தொடங்கிய செயற்கைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் முடியப்போகிற நேரம். 1881 நவம்பர் 12-ஆம் தேதிப் புயல் அவற்றைப் பெயர்த்துப் போட்டது. திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. 1886-க்குள் புயல் எச்சரிக்கை இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. ஒவ்வொரு துறைமுகமும் ஒவ்வொரு விதமாக அடையாளம் காட்டிக் குழப்பாமல், 1898-ல் எல்லாவற்றுக்கும் ஒரே முறை வந்தது.

இப்போது கூண்டுக்கு வருவோம். பகலில் கொடிமரத்தில் உருளையும் கூம்பும் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். சட்டத்தில் கட்டிய அந்த உருளையைக் கீழேயிருந்து பார்த்த நம் ஆட்கள் கூண்டு என்றார்கள், பெயர் நிலைத்துவிட்டது. நல்ல பெயர். மொத்தம் பதினொன்று. எண் கூடக் கூடப் புயல் பெரிது என்று நாம் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. 1, 2 தொலைவில் இருப்பதைச் சொல்பவை. 3, 4 துறைமுகத்துக்கே மோசமான காற்று வரலாம் என்பவை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்து, வித்தியாசம் திசையில். புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கரை கடந்தால் 5, வலப்பக்கம் விட்டால் 6, துறைமுகத்தின் மேலேயே அல்லது ஒட்டிக் கடந்தால் 7. கடும்புயலுக்கு இதே வரிசையில் 8, 9, 10.

இடமா வலமா என்பதில் என்ன இருக்கிறது? நம் கரையில் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வரும். அதன் இடப்பக்கம், அதாவது தெற்கே, காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வலப்பக்கம், வடக்கே, காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். நீரையும் தள்ளிக்கொண்டு வரும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே கடல் ஊருக்குள் வருமா வராதா என்ற கேள்வியே அடங்கியிருக்கிறது. பிடிங்டனின் வலது கை இன்னும் அந்தக் கொடிமரத்தில் தொங்குகிறது என்று எனக்குத் தோன்றும். நங்கூரம் எந்தப் பக்கம் போடுவது, கயிறு எந்தப் பக்கம் கட்டுவது என்று முடிவு செய்ய மாலுமிக்கு அது வேண்டும். செய்தியில் அந்த எண்ணை மட்டும் கேட்கிற நமக்கு யாரும் இதை விளக்கியதில்லை.

நம் மீனவர்களிடம் காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று தனித்தனிப் பெயர் உண்டு. மேகத்தின் நிறத்தையும் நீரோட்டத்தின் போக்கையும் பார்த்து வலையைச் சுருட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒரு நாள் தொழிலுக்கு அது போதும். வாரக்கணக்கில் கரை காணாத தொழிலுக்குப் போதாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் திடீரென்று வலுத்தபோது, தூத்தூர், சின்னத்துறைப் பக்கத்து விசைப்படகுகள் பல நாள் முந்தியே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கொடிமரத்தைப் பார்க்க அவர்கள் கரையில் இல்லை. 1864-ல் கடலில் கண்ட செய்தி கரைக்கு வரவில்லை. 2017-ல் கரையில் தெரிந்த செய்தி கடலுக்குப் போகவில்லை.

பதினோராவது கூண்டைச் சொல்லாமல் விட்டேன். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, துறைமுக அதிகாரி தாமாகவே ஆபத்து இருப்பதாகக் கருதுகிறார் என்று அதற்குப் பொருள். அறுந்து போகாத தொடர்பைத் தேடிக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி ஏறிய கதை அடுத்த இதழில்.